நாவாயில் வந்த நாவாய்ப்பூச்சி

நாவாய் என்றால் கப்பல் என்பது பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த செய்தி. அதே சொல் நம் வயல்வெளிகளில் வேறொரு பொருளிலும் வழங்குகிறது. நெற்கதிரில் பால் பிடிக்கும் தருணம் பார்த்து வந்து, சாற்றை உறிஞ்சி, மணியைப் பதராக்கிவிடும் பூச்சிக்குக் கதிர் நாவாய்ப்பூச்சி என்று பெயர். குத்தி உறிஞ்சும் அலகுடைய வேறு பல பூச்சிகளுக்கும் இன்று நாவாய்ப்பூச்சி என்பதே பொதுப்பெயர்.

இந்தப் பெயரின் இரண்டு பொருளுக்கும் பொருத்தமான பூச்சி ஒன்று உண்டு. குலத்தால் அது நாவாய்ப்பூச்சி. நாவாயில் ஏறி உலகைச் சுற்றிய பயணியும் அதுவே. இன்றைக்கு நூறு ஆண்டுகளுக்கு முன்பு, சென்னை மாநகரில் பல உயிர்களைக் குடித்த நோய் ஒன்றைப் பரப்பியதாக அதன்மீது ஐயம் விழுந்தது. அந்த ஐயம் எப்படி எழுந்தது, எப்படித் தீர்ந்தது, அமெரிக்கக் கண்டத்துக் குலத்தைச் சேர்ந்த அது நம் கடற்கரைக்கு எப்படி வந்தது என்பவற்றை இங்கே காண்போம்.

சிவப்புக் கரை போட்ட கறுப்பு

பூச்சியின் அறிவியற்பெயர் ட்ரையாட்டோமா ரூப்ரோஃபேசியேட்டா. ‘ரூப்ரோஃபேசியேட்டா’ என்றால் சிவப்புப் பட்டை உடையது என்று பொருள். நீளம் 2 முதல் 2.5 செ.மீ. வரை. உடல் கரும்பழுப்பு அல்லது கறுப்பு நிறம். வயிற்றின் ஓரம் முழுவதும் செம்மஞ்சளோ சிவப்போ ஆன பட்டை ஓடும். முதுகின் முன்பகுதி விளிம்பிலும் அதே நிறம் தெரியும். தியாகராய நகர்க் கடைத்தெருவில் கறுப்புச் சேலைக்குச் சிவப்புக் கரை பிடித்தாற்போல் இருக்கும் என்று சொன்னால், பார்க்காதவர்களுக்கும் எளிதில் விளங்கும்.

இது ‘கொலைகாரப் பூச்சிகள்’ எனப்படும் ரெடுவிடே குடும்பத்தைச் சேர்ந்தது. அக்குடும்பத்தின் பெரும்பாலான பூச்சிகள் பிற பூச்சிகளைக் கொன்று தின்பவை. கம்பளிப்புழுவைக் குத்தி, நஞ்சைச் செலுத்தி, உள்ளுறுப்புகளைக் கரைத்துக் குடித்துவிடும். ஆகவே உழவனுக்கு அவை நண்பர்கள். அக்குடும்பத்தின் ஒரு கிளை மட்டும் பூச்சிகளை விட்டுவிட்டு முதுகெலும்புள்ள விலங்குகளின் குருதியை நாடியது. அதற்கு ட்ரையாட்டோமினே என்று பெயர். அதில் 150-க்கும் மேற்பட்ட சிற்றினங்கள் உள்ளன. நம் பூச்சி அவற்றுள் ஒன்று.

நண்பனையும் குருதி குடிப்பவனையும் எப்படி வேறுபடுத்துவது? நிறத்தைப் பார்க்காதீர்கள், அலகைப் பாருங்கள். இரை தேடும் பூச்சிக்கு அலகு தடித்து, கொக்கிபோல் வளைந்திருக்கும். குருதி குடிக்கும் பூச்சிக்கு அலகு மெலிந்து, நேராக, தலையின் அடியில் மடங்கியிருக்கும். துள்ளும் இரையை அடக்க வலிய ஆயுதம் வேண்டும். உறங்குகிறவரிடம் திருட மெல்லிய ஊசி போதும்!

நிறம் சொல்லும் பொய்

இப்பூச்சியை 1773-ஆம் ஆண்டில் முதலில் விவரித்தவர் சார்லஸ் தெ யேர் என்னும் சுவீடன் நாட்டு அறிஞர். ட்ரையாட்டோமினே கிளையில் அறிவியலார் பெயரிட்ட முதற்பூச்சி இதுவே. இரண்டே ஆண்டுகளில், அதாவது 1775-இல், டென்மார்க்கைச் சேர்ந்த ஃபாப்ரிசியஸ் இதற்கு ‘பேருருவன்’ என்னும் பொருளில் வேறு பெயர் வைத்தார். 1860-இல் சிக்னோரே என்பவர் மற்றொரு பெயரைச் சேர்த்தார். ஒரே பூச்சி, வெவ்வேறு துறைமுகங்களிலிருந்து வெவ்வேறு பெட்டிகளில் ஐரோப்பாவுக்குப் போனதால், ஒவ்வொருவரும் புதிய பூச்சி என்றே எண்ணிவிட்டார்கள்.

பேரினப் பெயரின் கதையும் வேடிக்கையானது. 1832-இல் லாப்போர்ட் என்னும் பிரெஞ்சுக்காரர் கையில் கிடைத்த மாதிரியில் உணர்கொம்பு ஒடிந்திருந்தது. மூன்று கணுக்களே இருப்பதாகக் கருதி, ‘மூன்றாக வெட்டுண்டது’ என்னும் பொருளில் ட்ரையாட்டோமா என்று பெயரிட்டார். உண்மையில் கணுக்கள் நான்கு. தவற்றை உணர்ந்து ‘கூம்பு மூக்கு’ என்னும் பொருளில் கோனோரைனஸ் என்று பெயரை மாற்றினார். ஆனால் முதலில் வைத்த பெயரே செல்லும் என்பது பெயரிடும் விதி. ஆகவே தவறான பெயரே நிலைத்துவிட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை மருத்துவர்கள் எழுதியவற்றில் இப்பூச்சி கோனோரைனஸ் என்றே வருகிறது.

நிறத்தை நம்பினால் இத்தகைய குழப்பம் நேர்வது ஏன்? ஒரே சிற்றினத்தில் பட்டை ஒன்றில் வெளிர்மஞ்சளாகவும், மற்றொன்றில் செம்மஞ்சளாகவும், வேறொன்றில் நல்ல சிவப்பாகவும் இருக்கலாம். இதற்கு நம் நாட்டிலேயே இன்னும் தெளிவான சான்று உண்டு. தமிழ்நாட்டில் புதர்க்காடுகளிலும் வயலோரங்களிலும் காணப்படும் ரைனோகோரிஸ் மார்ஜினேட்டஸ் என்பது, பருத்திக் காய்ப்புழு முதலியவற்றை வேட்டையாடும் கொலைகாரப் பூச்சி. அதன் வயிற்று விளிம்பு சிலவற்றில் முழுக்கறுப்பு. சிலவற்றில் குருதிச் சிவப்பு. சிலவற்றில் சிவப்பும் கறுப்பும் மாறிமாறி வரும். பாளையங்கோட்டைத் தூய சவேரியார் கல்லூரியின் டி. பி. அம்புரோஸ், கோவையைச் சேர்ந்த டி. லிவிங்ஸ்டன் ஆகியோர் இவற்றை ஆராய்ந்து, மூன்றும் ஒரே சிற்றினத்தின் மூன்று நிற வடிவங்கள் என விளக்கினார்கள். ஒரே தாயின் பிள்ளைகளில் ஒருவர் கறுப்பாகவும் ஒருவர் சிவப்பாகவும் இருப்பது நம் வீடுகளில் புதுமையா என்ன?

நிறம் இப்படி ஏமாற்றும் என்றால், ஒரு பூச்சியின் வரலாற்றை எதைக்கொண்டு அறிவது? அதன் முகவரியைக்கொண்டு அறியலாம். எந்தெந்த ஊர்களில் வாழ்கிறது, எங்கே இல்லை என்னும் வரைபடம் பல வேளைகளில் நிறத்தைவிட நேர்மையான சாட்சியாகிறது. அந்தச் சாட்சியம் எவ்வளவு வலியது என்பதைச் சென்னையில் நடந்த ஒரு வழக்கிலிருந்து காண்போம்.

1909: இரண்டு நகரங்கள், இரண்டு பூச்சிகள்

காலா அசார் என்று ஒரு கொடிய காய்ச்சல். மாதக்கணக்கில் காய்ச்சல் விடாது. மண்ணீரல் வீங்கி வயிறு பருக்கும், உடல் எலும்பும் தோலுமாகும், தோல் கருமையடையும். மருந்து இல்லாத அந்நாளில் இது பிடித்தவர்களில் மிகப் பெரும்பாலோர் மாண்டார்கள். அசாமிலும் வங்கத்திலும் ஊர் ஊராக அழித்த இந்நோய், சென்னை நகரில் ஜார்ஜ் டவுன் பகுதியிலும் இருந்துவந்தது.

சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் பணியாற்றிய டாக்டர் சார்லஸ் டோனவன், மருத்துவக் கல்லூரியில் உடலியல் பேராசிரியராகவும் இருந்தார். 1903-ஆம் ஆண்டில் அவர் நோயாளிகளின் மண்ணீரலிலிருந்து எடுத்த துளியை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்து, உயிரணுக்களுக்குள் முட்டை வடிவான நுண்ணுயிர்களைக் கண்டார். அதே ஆண்டில் சற்று முன்னதாக, வில்லியம் லீஷ்மன் இங்கிலாந்தில் இவற்றைப் பற்றி எழுதியிருந்தார். ஆகவே இருவர் பெயராலும் அவை ‘லீஷ்மன்–டோனவன் உடலங்கள்’ எனப்பட்டன. நோய்க்கிருமியின் அறிவியற்பெயரான லீஷ்மேனியா டோனவானி இன்றும் சென்னை மருத்துவரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. டோனவன் பின்னர் 1911-இல் திறக்கப்பட்ட இராயப்பேட்டை மருத்துவமனையின் முதல் கண்காணிப்பாளராக இருந்தார். வண்ணத்துப்பூச்சிகளிலும் அவருக்குப் பெருவிருப்பம் உண்டு.

கிருமி கிடைத்துவிட்டது. ஆனால் அதை ஒருவரிடமிருந்து மற்றவருக்குக் கொண்டு செல்வது எது? மலேரியாவைக் கொசு பரப்புகிறது என்று 1897-இல் ரொனால்டு ராஸ் சிக்கந்தராபாத்தில் வழி திறந்திருந்த காலம் அது. எனவே குருதி குடிக்கும் பூச்சி ஒவ்வொன்றும் ஐயத்துக்கு உள்ளாயிற்று. டோனவனின் ஐயம் சிவப்புக் கரை போட்ட நம் பூச்சியின்மீது விழுந்தது. நியாயமும் இருந்தது. அது வீட்டில் வாழ்கிறது. இரவில் குருதி குடிக்கிறது. 1909-ஆம் ஆண்டில், சென்னைக் காலா அசாருக்கும் நாய்க்கும் இப்பூச்சிக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்து அவர் கட்டுரை வெளியிட்டார். பூச்சியின் குடலைச் சோதித்தபோது, வால்போன்ற கசையிழையை வீசி நீந்தும் ஒரு நுண்ணுயிரையும் கண்டார். இன்று அதன் பெயர் டிரிப்பனோசோமா கோனோரைனி.

அதே 1909-இல், உலகின் மறுகோடியில் நடந்ததைக் கேளுங்கள். பிரேசில் நாட்டில் லாசான்ஸ் என்னும் சிற்றூரில் இருப்புப்பாதை போடும் தொழிலாளரிடையே மலேரியாவைக் கட்டுப்படுத்தச் சென்றிருந்தார் கார்லோஸ் சாகஸ் என்னும் இளம் மருத்துவர். மண்சுவர் வெடிப்புகளில் ஒளிந்திருந்து இரவில் முகத்தில் கடிக்கும் பெரிய நாவாய்ப்பூச்சியை அவருக்குக் காட்டினார்கள். அந்நாளில் அதற்குக் கோனோரைனஸ் மெகிஸ்டஸ் என்று பெயர். அதாவது நம் பூச்சியின் பேரினத்திலேயே அதையும் சேர்த்திருந்தார்கள். அதன் குடலில் சாகஸும் கசையிழையுள்ள நுண்ணுயிரைக் கண்டார். ஏப்ரல் மாதத்தில் இரண்டு வயதுப் பெண் குழந்தை ஒன்றின் குருதியிலும் அதே உயிரைக் கண்டுபிடித்தார். தம் ஆசிரியர் ஆஸ்வால்டோ குரூஸ் நினைவாக அதற்குக் குரூஸி என்று பெயரிட்டார். இதயத்தைத் தாக்கும் சாகஸ் நோய் இவ்வாறு வெளிச்சத்துக்கு வந்தது.

ஒரே ஆண்டு, ஒரே கிளைப் பூச்சிகள், இரண்டின் குடலிலும் டிரிப்பனோசோமாக்கள். ஒன்று குற்றவாளி என்று மெய்ப்பிக்கப்பட்டது. மற்றது?

உலர்ந்த திராட்சை கொண்டுவந்த தீர்ப்பு

அடையாற்றின் தென்பக்கம் கிண்டியில் உள்ள கிங் நிலையத்தில் வால்டர் பாட்டன் என்னும் ஆய்வாளர் வேறு வழியில் தேடிக்கொண்டிருந்தார். அவர் மூட்டைப்பூச்சியை ஐயுற்றார். நோயாளிகளின் குருதியைக் குடித்த மூட்டைப்பூச்சியின் குடலில் காலா அசார் கிருமி உருமாறி வளர்வதை 1907-இல் கண்டார். 1913-இல் அவரும் கிராக் என்பவரும் சேர்ந்து எழுதிய மருத்துவப் பூச்சியியல் பெருநூல் சென்னையிலிருந்து வெளிவந்தது. அத்துறையின் முன்னோடி நூல்களுள் அது ஒன்று. ஆனால் குடலில் வளர்வது வேறு, நோயைக் கடத்துவது வேறு. மூட்டைப்பூச்சியும் குற்றவாளி அல்ல என்பது பிறகு தெளிந்தது.

திருப்பம் 1920-களில் வந்தது. ஜான் சின்டன் என்னும் இராணுவ மருத்துவர் இந்தியாவின் மணல் ஈக்களை ஆராய்ந்தவர். வெள்ளிநிறக் கால்களுடைய ஃபிளபோட்டமஸ் அர்ஜென்டிப்பஸ் என்னும் மணல் ஈ வாழும் இடங்களையும் காலா அசார் பரவியுள்ள இடங்களையும் அவர் ஒப்பிட்டார். இரண்டும் நன்கு பொருந்தின! 1924-இல் கல்கத்தாவில் நோல்ஸ், நேப்பியர், ஸ்மித் ஆகியோர் அந்த ஈயின் குடலில் கிருமி செழித்து வளர்வதைக் கண்டார்கள்.

இதே அளவுகோலை நம் பூச்சிக்கும் வைத்துப் பாருங்கள். சிவப்புக் கரைப் பூச்சி மொரீஷியஸிலும் சிங்கப்பூரிலும் தாராளமாக உண்டு. காலா அசார் அங்கெல்லாம் வேரூன்றியதில்லை. குற்றவாளி என்று சொல்லப்படுபவன் இருக்கும் ஊரில் குற்றமே நடக்கவில்லை என்றால் வழக்கு எப்படி நிற்கும்?

மணல் ஈமீதான வழக்கும் எளிதில் முடியவில்லை. குருதி குடித்த ஈக்கள் முட்டையிட்டதும் மடிந்தன. அவற்றைக்கொண்டு நோயைக் கடத்திக்காட்ட முடியவில்லை. 1940 அளவில் ஸ்மித்தும் துணைவர்களும் ஓர் எளிய உத்தியைக் கையாண்டார்கள். குருதி குடித்த ஈக்களுக்கு மறுபடியும் குருதி தராமல் உலர்ந்த திராட்சையைக் கொடுத்தார்கள். ஈக்கள் பிழைத்தன, அவற்றின் தொண்டையை அடைக்கும் அளவு கிருமிகள் பெருகின. இவ்வாறு வளர்த்த ஈக்களைத் தன்னார்வலர்கள்மீது கடிக்கவிட்டு, அவர்களுக்கு நோய் வருவதை 1942-இல் சுவாமிநாத், ஷார்ட், ஆண்டர்சன் ஆகிய மூவரும் மெய்ப்பித்தார்கள். டோனவன் ஐயுற்ற பூச்சி குற்றமற்றது என்பதில் அதன்பின் ஐயத்துக்கு இடமே இல்லை.

டோனவன் கண்ட கசையிழை உயிர் என்னவாயிற்று? 1912-இல் மொரீஷியஸில் லாஃபோன் என்பவர் அதை எலிகளுக்கும் சுண்டெலிகளுக்கும் புகுத்திப் பார்த்து, அவற்றில் அது வாழும் என்று காட்டினார். அது எலியின் ஒட்டுண்ணி. மனிதருக்கு நோய் தரும் கிருமியாக அறியப்படவில்லை. இந்த ‘எலி’ என்னும் சொல்லே பூச்சியின் பயண மருமத்துக்குத் திறவுகோல்.

எலி ஏறிய கப்பல்

ட்ரையாட்டோமினே கிளையின் சிற்றினங்களில் மிகப் பெரும்பாலானவை அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே வாழ்கின்றன. இரு உலகங்களிலும் காணப்படுவது நம் பூச்சி ஒன்றே. அதன் முகவரிப் பட்டியலைப் பாருங்கள்: பிரேசிலின் கடற்கரை நகரங்கள், கரீபியன் தீவுகள், ஃபுளோரிடா, ஹவாய், அங்கோலா, மடகாஸ்கர், மொரீஷியஸ், இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ், தைவான், தென்சீனா, வியட்நாம். இந்த இடங்களைக் கோடிட்டு இணைத்தால் பழைய கப்பல் பாதைகளின் படமே கிடைத்துவிடுகிறது!

பூச்சியின் விருப்பமான உணவு எலியின் குருதி. கறுப்பெலியின் தாயகமோ நம் இந்தியத் துணைக்கண்டம். இங்கிருந்து வணிகப் பாதைகள் வழியே ஐரோப்பா சென்ற எலி, கொலம்பஸுக்குப் பிறகு கப்பலேறி அமெரிக்கா அடைந்தது. அங்கே அதன் வளையில் இப்பூச்சி குடிபுகுந்து, எலியோடு சேர்ந்து மறுபடியும் கப்பலேறியது என்பது பல ஆய்வாளர் கருத்து. 1500-இல் போர்த்துக்கீசிய மாலுமி கப்ரால் பிரேசில் கரையைத் தொட்டுவிட்டு அதே பயணத்தில் கோழிக்கோட்டுக்கு வந்தார். சில பத்தாண்டுகளில் போர்த்துக்கீசியர் மயிலாப்பூர்ச் சாந்தோமில் குடியேறினார்கள். மறுபக்கம், 1565 முதல் 1815 வரை மெக்சிகோவின் அகாபுல்கோவுக்கும் மணிலாவுக்கும் இடையே ஸ்பானியக் கப்பல்கள் ஓடின. மிளகாய், முந்திரி, பப்பாளி, கொய்யா எல்லாம் இந்தக் கடல்வழிகளில் வந்தவைதாம். இன்று மயிலாப்பூர் வீட்டுக் கொல்லையில் நிற்கும் பப்பாளியை அயல்நாட்டுச் செடி என்று யார் நினைக்கிறார்கள்? அவ்வாறே மூட்டைகளுக்கு இடையில் ஒளிந்து பூச்சியும் வந்திருக்கலாம். சென்னைக்குத் துறைமுகச் சுவர் இல்லாத காலத்தில் கடலில் நங்கூரமிட்ட கப்பல்களிலிருந்து மசூலாப் படகுகள் அலையைக் கடந்து கரைசேர்த்த சரக்குகளில் எத்தனை எலிகள் இறங்கினவோ!

2001-இல் பாட்டர்சன், ஸ்கோஃபீல்ட் முதலியோர் வெளியிட்ட ஆய்வு இக்கருத்துக்கு வலுவூட்டியது. அவர்கள் நிறத்தைப் பார்க்கவில்லை. பல நாட்டுப் பூச்சிகளின் தலை அளவுகளை நுட்பமாக அளந்து ஒப்பிட்டார்கள். ஆசியாவில் வாழும் ட்ரையாட்டோமாக்கள் அமெரிக்க மூலத்திலிருந்து வந்தவை என்பது அவர்கள் முடிவு.

ஆனால் ஒரு முடிச்சு இன்னும் உண்டு. இந்தியாவில் மட்டுமே வாழும் லின்ஷ்கோஸ்டியஸ் என்னும் பேரினம் இதே கிளையைச் சேர்ந்தது. முதற் சிற்றினத்தை டிஸ்டன்ட் 1904-இல் விவரித்தார். இதுவரை ஆறு சிற்றினங்கள் தெரியவந்துள்ளன. 2002-இல் விவரிக்கப்பட்ட ஆறாவதன் பெயர் கரூப்பஸ். நம் ‘கறுப்பு’ அதில் ஒலிப்பதைத் தமிழ் வாசகர்கள் கேட்கத் தவறமாட்டார்கள். பாறை இடுக்குகளில் வாழும் இப்பூச்சிகளுக்குத் துறைமுகத்தோடு தொடர்பில்லை. மரபணு ஆய்வோ இவற்றை ஆசிய ட்ரையாட்டோமாக்களின் நெருங்கிய உறவினராகக் காட்டுகிறது. சில நூறு ஆண்டுகளில் ஒரு தனிப் பேரினமும் ஆறு சிற்றினங்களும் தோன்றிவிட முடியுமா? இவற்றின் மூதாதையர் கப்பல்கள் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே ஆசியாவை அடைந்திருக்க வேண்டும் என்று வாதிட இது இடந்தருகிறது. இந்த வழக்கில் தீர்ப்பு இன்னும் எழுதப்படவில்லை.

அஞ்ச வேண்டுமா?

ஆசியாவில் சாகஸ் நோய்க்கிருமி பூச்சிகளிடையே நிலைகொள்ளவில்லை. ஆகவே நம் ஊரில் இப்பூச்சி கடித்தால் சாகஸ் நோய் வந்துவிடும் என்று அஞ்சத் தேவையில்லை. எனினும் அலட்சியமும் தகாது. கடித்த இடத்தில் தடிப்பும் அரிப்பும் உண்டாகும். ஹவாய், சிங்கப்பூர், வியட்நாம் முதலிய இடங்களில் சிலருக்கு உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமை ஏற்பட்டதாக மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். கடிபட்டவருக்கு மூச்சுத் திணறலோ மயக்கமோ வந்தால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். அண்மை ஆண்டுகளில் வியட்நாம், தென்சீன நகரங்களில் இப்பூச்சி பெருகியுள்ளது. சீன ஆய்வாளர்கள் 2019-இல் இதன் மரபணுத் தொகுதி முழுவதையும் படித்து வெளியிட்டார்கள்.

தடுக்கும் வழி எளியது. எலி இருக்கும் இடத்தில்தான் இப்பூச்சிக்கு வாழ்வு. பழைய வீடுகளில் சுவர் வெடிப்புகளை அடைத்து, விறகையும் பழைய சாமான்களையும் மூலையில் குவிக்காமல், எலி வளைகளை ஒழித்தால் போதும். தோட்டத்தில் சிவப்புக் கரையோடு ஒரு பூச்சியைக் கண்டதும் செருப்பைத் தூக்கவேண்டாம். அலகு வளைந்திருந்தால் அது உங்கள் செடிகளின் காவலன்.

டோனவன் தவறிவிட்டார் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் அவர் தம் ஐயத்தை அச்சிட்டு ஊரறிய வைத்தார். அதனால்தான் பிறர் அதைச் சோதிக்கவும் மறுக்கவும் முடிந்தது. தவறான பூச்சியைத் தேடிய அந்த முயற்சியில் அறிவியலுக்குப் புதிய நுண்ணுயிர் ஒன்றும் கிடைத்தது. கறுத்த உடலும் சிவந்த கரையும் கொண்டு யாரையும் குற்றவாளி என்று முடிவு கட்டிவிட முடியாது. எங்கே இருந்தது, என்ன செய்தது என்று சான்றுகளைக்கொண்டு விசாரிக்க வேண்டும். பூச்சிகளுக்கு மட்டுமா இந்த நீதி பொருந்தும்?